சஹானா எழுதாத வரிகள்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
மாண்ட்ரியல்
12 ஜனவரி 2025

அன்புள்ள ராதாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்திம்பேரும் உடம்பளவில் சௌகரியமாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி? ஜெயராமுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

நீ தினமும் போன் செய்கிறாய், நான் எடுப்பதில்லை. கோபம் என்று நினைக்காதே. உன் குரலும் சஹானாவின் குரலும் ஒன்று. அவள் இருந்தவரை அது நம் வீட்டு வேடிக்கை. உன் போனை எடுத்து, அவள் என்று நினைத்து, "சாப்டியாடி?" என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். அவள் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. இப்போது நீ "அக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் அதே கேள்வி என் வாயில் வந்துவிடுகிறது. அதனால் கொஞ்ச நாள் கடிதத்தில் பேசுவோம். இங்கே தபால் வேலைநிறுத்தம் டிசம்பரில் முடிந்துவிட்டது.

எழுதுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. போன சனிக்கிழமை கோயில் நண்பர்கள் எங்களை வற்புறுத்தி டவுன்டவுனில் ஒரு சைனீஸ் ஹோட்டலுக்கு அழைத்துப் போனார்கள். அவள் சைக்கிளில் லாரி மோதிய அந்த மழை நாளுக்குப் பிறகு நான் வீட்டை விட்டுச் சாப்பிடப் போனது அன்றுதான். ஒன்றும் இறங்கவில்லை. பில்லோடு ஆளுக்கு ஒரு ஃபார்ச்சூன் குக்கி வைத்தார்கள். நீ பார்த்திருக்கிறாயோ என்னவோ: வட்டமாகச் சுட்ட மெல்லிய பிஸ்கட்டைச் சூட்டோடு மடித்திருப்பார்கள், உடைத்தால் உள்ளே ஒரு சீட்டு. இந்த ஊரில் ஒரு பக்கம் பிரெஞ்சு, மறுபக்கம் ஆங்கிலம். என் சீட்டில் இருந்தது இது: "தள்ளியும் திறக்காத கதவை ஒரு தடவை இழுத்துப் பார்."

ராதா, இது அவள் எழுதியது. எனக்குச் சந்தேகமே இல்லை. இழுக்க வேண்டிய கதவை அவள் எப்போதும் தள்ளுவாள், நினைவிருக்கிறதா? போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அம்மா, படிப்போட ஒரு பார்ட் டைம் வேலை. சைனா டவுன்ல ஒரு குக்கி ஃபாக்டரிக்கு வரி எழுதித் தரேன்." மாஸ்டர்ஸ் படிக்கிற பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்டேன். ஆனாலும் கோயிலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன், என் பெண் எழுதுவதை மாண்ட்ரியல் முழுக்க உடைத்துப் படிக்கிறது என்று.

அது இவ்வளவு நாள் எனக்குத் தோன்றவே இல்லை பார். அவள் எழுதியது இன்னும் இந்த ஊர் ஹோட்டல்களில் இருக்கிறது.

ஜெயராமுக்கு எங்கள் ஆசிகள். காலை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறாதே.

உன் அக்கா,
அலமு

*

திருச்சி
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். உன் எழுத்தைக் கவரின் மேல் பார்த்ததும் லேபில் வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிரித்தேன். வெளியில் போய் வந்தாய் என்பதே எனக்குப் பெரிய சமாதானம். போன் விஷயம் புரிகிறது. இனிமேல் கூப்பிடமாட்டேன்.

முழங்கால் பரவாயில்லை. ஜெயராம் சர்க்கரையைப் பற்றிப் பொய் சொல்கிறார், ரிப்போர்ட் மட்டும் உண்மையைச் சொல்கிறது.

அந்தச் சீட்டு வரி நன்றாக இருக்கிறது அக்கா. கதவை அவள் தள்ளுவது நினைவிருக்கிறது. இங்கே வந்தபோது பாங்கில் கண்ணாடிக் கதவைத் தள்ளிவிட்டு, வாட்ச்மேன் சிரித்ததும் தானும் சிரித்தாளே.

இந்த பிஸ்கட் சீனாவில் எல்லா வீட்டிலும் உண்டா? சாப்பாட்டுக்குப் பிறகு ஏன் கொடுக்கிறார்கள்? தெரிந்தால் எழுது. வேளைக்குச் சாப்பிடு. வெயிலே இல்லாத ஊர், வைட்டமின் மாத்திரையை விடாதே. அத்திம்பேருக்கு என் நமஸ்காரம்.

உன்,
ராதா

*

மின்னஞ்சல்
3 பிப்ரவரி 2025

அத்திம்பேருக்கு நமஸ்காரம்.

சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை அக்காவுக்குக் காட்ட வேண்டாம்.

குக்கிச் சீட்டைப் பற்றி அக்கா எழுதியிருந்தாள். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சஹானா அங்கே வரி எதுவும் எழுதவில்லை. குக்கி மடிக்கிற வேலை செய்தாள், முழு நேரமும். படிப்பை அந்தக் கோடைக்கு முந்தைய குளிர்காலத்திலேயே விட்டுவிட்டாள். என்னிடம் மட்டும் சொன்னாள். "அம்மாகிட்ட மூச்சு விடாதே சித்தி" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவள் போன பிறகு இதை உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன். இப்போது அக்கா அந்தச் சீட்டை அவள் எழுத்தென்று பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் பதிலில் ஆமாம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. என்ன செய்யட்டும்?

ராதா

*

மின்னஞ்சல்
6 பிப்ரவரி 2025

அன்புள்ள ராதா,

உங்கள் இருவர் உடல்நலத்துக்கும் குறைவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள்.

எனக்குத் தெரியும். நவம்பரில் அவள் சாமான்களைக் கேட்டு யுனிவர்சிட்டிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, இவள் எங்கள் மாணவி இல்லையே, விலகி ரொம்ப நாளாயிற்றே என்றாள். நான் முப்பது வருஷம் பாடம் நடத்திய இடம். வேறு சஹானாவாக இருக்கும் என்று அவளோடு வாதாடினேன். பிறகு வெளியே வந்து பனியில் காரை எங்கே விட்டேன் என்று தெரியாமல் நின்றேன்.

உன் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லாதே என்று உன்னையும் கேட்டுக்கொள்கிறேன். அவள் இப்போது காலையில் எழுந்து குளிக்கிறாள். புடவை மாற்றிக்கொள்கிறாள். "இன்னிக்கு எந்த ஹோட்டல்?" என்று கேட்கிறாள். நான் காரை எடுக்கிறேன். குக்கிக்காகத்தான் போகிறாள், ஆனால் குக்கி வருவதற்கு முன் சாதம் வருகிறது, அதைச் சாப்பிடுகிறாள். அக்டோபரிலிருந்து நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஒரு கரண்டி ரசஞ்சாதத்துக்கு அவளிடம் கெஞ்சியிருக்கிறேன்.

நேற்று கிடைத்த சீட்டில், "நீ தொலைத்த குடை இன்னொருவரை நனையாமல் காக்கிறது" என்று இருந்தது. சஹானா குடை தொலைப்பாள். எந்தப் பெண்தான் தொலைக்கவில்லை? ஆனால் உன் அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எதிரில் உட்கார்ந்து நானும், ஆமாம், அவளேதான் என்றேன்.

சந்திரமௌலி

*

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
16 மார்ச் 2025

அன்புள்ள ராதாவுக்கு,

பனி உருகி வாசலெல்லாம் சேறு. நாங்கள் நலம். உன் கால் இப்போது எப்படி? தைலம் போடுகிறாயா, இல்லை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

நீ கேட்ட கேள்விக்காக லைப்ரரிக்குப் போய்ப் படித்தேன். சீனாவில் இந்தக் குக்கியே கிடையாது! இது ஜப்பான்காரர்களுடையது. கியோட்டோ பக்கம் கோயில் வாசல் கடைகளில் இதே மடிப்பில் ஒன்று விற்கிறார்களாம். அளவில் பெரியது, மாவில் எள்ளும் மிசோ என்கிற உப்பு விழுதும் சேர்ப்பார்கள். சீட்டு உள்ளே இருக்காது, மடிப்பில் வெளியே சொருகியிருக்கும். பிழைக்கப் போன ஜப்பானியர்கள் கலிபோர்னியாவுக்கு அதைக் கொண்டுபோனார்கள். அங்கே வெண்ணெயும் வனிலாவும் சேர்ந்து இனிப்பாயிற்று. முதலில் செய்தது நாங்கள்தான் என்று சான் பிரான்சிஸ்கோவும் லாஸ் ஏஞ்சலஸும் இன்னும் சண்டை போடுகின்றன. உலகப் போரில் அமெரிக்கா ஜப்பானியர்களைக் குடும்பம் குடும்பமாக முகாமில் அடைத்தபோது அவர்கள் பேக்கரிகள் மூடிப்போயின. சீனர்கள் செய்ய ஆரம்பித்தார்கள். போர் முடிந்து சிப்பாய்கள் ஊர் ஊராகப் போய், எங்கே அந்தச் சீன பிஸ்கட் என்று கேட்டார்களாம். அவ்வளவுதான், பெயர் நிலைத்துவிட்டது.

ஏன் எல்லோருக்கும் இது பிடிக்கிறது என்று யோசித்தேன். பக்கத்து மேஜையில் ஒரு வயசான தம்பதி, பிரெஞ்சுக்காரர்கள். சாப்பிடும்போது ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. குக்கி வந்ததும் அந்த அம்மாள் தன் சீட்டைக் கணவருக்குப் படித்துக் காட்டினாள். அவர் தன்னுடையதைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். யாரோ யாருக்கோ எழுதியது, நம் தட்டில் வந்துவிட்டதால் நமக்காகிவிடுகிறது. ஜோசியர் மாதிரி கெட்டதும் சொல்லாது. இதை எழுதுகிறவள் எப்படிப்பட்ட மனசோடு இருந்திருக்க வேண்டும்! என் பெண்ணுக்கு இப்படி ஒரு மனசு இருந்ததென்று நான் தெரிந்துகொள்ளவே இல்லையே ராதா.

கிடைத்தவற்றில் அவளுடையவற்றைப் பிரித்து ஒரு ஜாடியில் போட்டு வருகிறேன். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. அக்டோபரில் அவள் வருஷாப்தீகத்துக்கு இவற்றை ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கோயில் ஹாலில் எல்லோருக்கும் கொடுக்கப்போகிறேன். முன்னுரை நீ எழுத வேண்டும். இந்த வேலையைப் பற்றி உன்னிடம் நிறையப் பேசியிருப்பாள். என்னிடம் அன்று ஒரு நாள் சொன்னதோடு சரி. நானும் கேட்கவில்லை.

ஏப்ரலுக்குள் அனுப்பு. ஜெயராமை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா,
அலமு

*

திருச்சி
10 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். இங்கே வெயில் இப்போதே ஆளைச் சுருட்டுகிறது. லேபில் ஏ.சி. ரிப்பேர். ஜெயராமுக்குப் பல் பிடுங்கியதில் ஒரு வாரமாகக் கஞ்சிதான். என் காலுக்கு டாக்டர் ஒரு பெல்ட் கொடுத்திருக்கிறார்.

நீ எழுதிய ஜப்பான் கதையை ஜெயராமுக்குப் படித்துக் காட்டினேன். ரசித்துக் கேட்டார்.

முன்னுரை விஷயம். எனக்கு அந்த மாதிரியெல்லாம் எழுத வராது அக்கா. உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. புத்தகம் அவசியமா? வருஷாப்தீகத்துக்கு யாருக்காவது சாப்பாடு போடலாமே. சீட்டெல்லாம் உன்னோடு, உன் வீட்டோடு இருக்கட்டும். யோசித்துப் பார்.

அத்திம்பேர் பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

உன்,
ராதா

*

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
11 மே 2025

ராதாவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன்.

உன் கடிதத்தில் ஏ.சி. இருக்கிறது, பல் இருக்கிறது, சஹானாவின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. தேடிப் பார்த்தேன். உன்னை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டேன். எழுத மனசில்லை என்றால் விட்டுவிடு.

உன் அத்திம்பேரும் புத்தகம் என்றால் பேச்சை மாற்றுகிறார். நீங்கள் இருவரும் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. நான் அந்த ஃபாக்டரிக்கே போய், அவள் எழுதியதெல்லாம் மொத்தமாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கப்போகிறேன். அங்கே வைத்திருப்பார்கள்.

பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவருக்கு பிரஷர் என்று நான் உனக்கு எழுதவே இல்லையே.

அலமு

*

மின்னஞ்சல்
1 ஜூன் 2025

அன்புள்ள ராதா,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இங்கே நிலைமை சரியில்லை.

வியாழக்கிழமை போனோம். தனியாக மெட்ரோவில் போகிறேன் என்று கிளம்பினாள், நான்தான் காரை எடுத்தேன். வழியில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னால் முடியவில்லை.

சைனா டவுன் பின்சந்தில் பழைய செங்கல் கட்டடம். கதவைத் திறந்ததும் வனிலா வாசனை. முன்னறையில் ஒரு அம்மாள் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, பெயர் மாக்கிரட். உன் அக்காவைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"நீங்கள் சஹானாவின்ர அம்மாவோ? முகம் அப்பிடியே இருக்கு. ஐயோ, இருங்கோ அம்மா, இருங்கோ." கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பிள்ளை எனக்குப் பக்கத்திலதான் நிண்டவ. கையைச் சுட்டுப்போட்டுச் சிரிப்பா. திரும்பவும் சுட்டுக்கொள்ளுவா. இரும்புத் தட்டிலயிருந்து எடுத்த உடனே மடிக்க வேணும், ஆறினால் உடைஞ்சுபோம். பழகினாப் பிறகு என்னைவிட வடிவா மடிச்சவ."

உன் அக்கா, "மடிச்சாளா? அவள் எழுதினதைக் கேட்டு வந்தேன்" என்றாள்.

"எழுதுறதோ? இல்லையம்மா. சீட்டெல்லாம் அச்சடிச்சுப் பெட்டியில வெளியில இருந்து வாறது. ஆர் எழுதினதெண்டு எங்களுக்கும் தெரியாது."

"படிப்புக்கு நடுவுல எப்போ வருவா?"

"கிழமையில அஞ்சு நாளும் வந்தவ. படிப்பைத்தான் விட்டுட்டாவே." அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். எதையோ உடைத்துவிட்டோம் என்று புரிந்து, அதைச் சரிசெய்ய நினைத்து, இன்னும் ஒன்று சொன்னாள். "வீட்டில தெரியாதெண்டு சொன்னவதான். சித்திக்கு மட்டும் எல்லாம் சொல்லுறனான் எண்டு சொல்லுவா."

உன் அக்கா அழவில்லை. நன்றி சொன்னாள். மாக்கிரட் ஒரு பை நிறையக் குக்கி கொடுத்தாள், வாங்கிக்கொண்டாள். காரில் ஏறியதும் கேட்டாள்: "உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"நவம்பர்."

"அந்தக் குடைச் சீட்டை நான் கண்ணுல ஒத்திக்கும்போதும் தெரியும்."

"தெரியும் அலமு."

அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சஹானாவின் அறையில் படுத்துக்கொள்கிறாள். கதவு திறந்துதான் இருக்கிறது. நான் சமைத்து வைப்பதைச் சாப்பிடுகிறாள். அந்தப் பை அவிழ்க்காமல் சமையல் மேடையில் கிடக்கிறது.

சந்திரமௌலி

*

திருச்சி
3 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா, தெரியவில்லை. கேட்கிறேன். சாப்பிடு. தூங்கு.

அவள் சத்தியம் வாங்கினாள், அதனால் சொல்லவில்லை. அவள் போன பிறகு அந்தச் சத்தியம் யாருக்கு என்று நீ கேட்பாய். அப்போது உன்னை நினைத்துச் சொல்லவில்லை. சீட்டுகளால் நீ எழுந்து நடமாடுகிறாய் என்று அத்திம்பேர் சொன்னபோது, எப்படியோ பிழைத்துக்கொள்கிறாள், இருக்கட்டும் என்று நினைத்தேன். அவரைக் கோபிக்காதே. என்மேல் கோபப்படு. நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்ள விசாவுக்குக் கேட்டுப் பார்க்கட்டுமா?

பதில் எழுது. இரண்டு வரி போதும்.

உன்,
ராதா

*

திருச்சி
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நாங்கள் சௌக்கியம். ஜூனில் எழுதிய கடிதம் கிடைத்திருக்கும். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே ஜெயராம் எழுந்து வாசலுக்குப் போகிறார், பிறகு உள்ளே வந்து பேப்பர் படிக்கிறார். நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
ராதா

*

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
12 செப்டம்பர் 2025

ராதாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். ஜெயராமை வாசலில் நிற்க வேண்டாம் என்று சொல், வெயிலில் தலைசுற்றும்.

உன் முதல் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். இரண்டாவது வந்ததும் இரண்டையும் படித்தேன். நீ வர வேண்டாம். உன் முகத்தைப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

ஆகஸ்டில் மறுபடி மாக்கிரட்டைப் பார்க்கப் போனேன். உள்ளே அழைத்துப் போய் சஹானா நின்ற இடத்தைக் காட்டினாள். அனல் முகத்தில் அடிக்கிறது. கையில் வெள்ளைத் துணி உறை. தட்டிலிருந்து வட்டத்தை எடுக்கிறார்கள், சீட்டை வைக்கிறார்கள், ஒரு மடிப்பு, கம்பியில் அழுத்தி இன்னொரு மடிப்பு. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. "செய்து பாருங்கோவன்" என்றாள். நான் மடித்ததெல்லாம் உடைந்தது. சஹானாவின் இடத்தில் இப்போது ஒரு சின்னப் பெண் நிற்கிறாள், ஹைத்தி நாட்டுக்காரி. அவள் நான் உடைத்ததை எடுத்துத் தின்றுவிட்டுச் சிரித்தாள்.

நீங்கள் இருவரும் மறைத்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேனோ என்னவோ. பொறுக்க முடியாதது வேறு. அந்த ஒரு வருஷம் நிஜமான சஹானா உன்னிடம் இருந்திருக்கிறாள். என்னிடம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவள் வேறு யாரோ. மாஸ்டர்ஸ் படித்த பெண், வரி எழுதிய பெண். அப்படி ஒருத்தி இல்லை. அந்த இல்லாதவளுக்காக நான் ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன்.

உன்னிடம் இருந்தவளை எனக்கும் கொஞ்சம் கொடு. அவள் போனில் என்ன பேசினாள் என்று எழுது. என்னைப் பற்றிச் சொன்னதையும் எழுது. இனிப்புத் தடவாதே. தடவினால் எனக்குத் தெரியும். இல்லை, தெரியாது, அதுதான் தெரிந்துபோயிற்றே. அதனால் கேட்டுக்கொள்கிறேன், தடவாதே.

உன் அத்திம்பேரோடு பேச ஆரம்பித்திருக்கிறேன், அவசியத்துக்கு.

அலமு

*

திருச்சி
5 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நீ எழுதினாயே, அதுவே போதும். எங்கள் உடம்புக்குக் குறையில்லை.

அவள் உங்கள் காலையில் கூப்பிடுவாள், வேலைக்குக் கிளம்பும் முன். எனக்கு லேபில் சாயங்கால டீ நேரம். பெரிய விஷயம் எதுவும் பேசமாட்டாள். விரல் சுட்டதற்கு நெய் தடவலாமா என்று கேட்பாள். ஷூவில் உப்புக்கறை போகவில்லை என்பாள். படிப்பை ஏன் விட்டாள் என்று கேட்டேன். "கிளாஸ்ல உக்காந்தா கண்ணாடி ஜாடிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு சித்தி. இங்க வந்தா ராத்திரி நன்னா தூக்கம் வரது" என்றாள். குக்கியை யாரோ ஒருத்தர் வீட்டில், ஹோட்டலில், சிரித்துக்கொண்டே உடைப்பார்கள் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. "நான் மடிச்சதை உடைக்கறவா ஒருத்தர்கூட அழமாட்டா, பாரேன்" என்றாள்.

உன்னைப் பற்றி. எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். "அம்மாகிட்ட பேசினா வைவா எக்ஸாம் மாதிரி இருக்கு. பதில் தெரியலைன்னா எதையாவது சொல்லிடறேன்." வரி எழுதுகிறேன் என்ற பொய் அப்படித்தான் வந்தது. சாப்பிடும்போது நீ வேலையைப் பற்றி ஏதோ கேட்டாயாம், வாயில் வந்துவிட்டதாம். அதை நீ கோயிலில் சொல்லிப் பெருமைப்பட்டபோது, பிறகு எப்படிப் பின்வாங்குவது என்று தெரியவில்லை என்றாள். உன்மேல் பாசம் இல்லை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பயம் இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். தீபாவளிக்கு உன்னிடம் எல்லாம் சொல்லிவிடுவதாக இருந்தாள் என்று எழுத என் கை துடிக்கிறது. எழுதினால் உனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை அக்கா. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கடைசியாக அன்று காலையிலும் பேசினாள். முந்தின நாள் வத்தக்குழம்பு பண்ணினாளாம். "அம்மா பண்ற மாதிரியே பண்ணேன், அம்மாவுது மாதிரியே உப்பு கூடிப்போச்சு. என்ன பண்றது?" என்று சிரித்தாள். சொன்னேன். "சரி சித்தி, ஹெல்மெட் போட்டாச்சு, வெக்கறேன்" என்றாள். மழை பெய்கிறதா என்று நான் கேட்கவில்லை. எனக்கு லேபில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

உன்,
ராதா

*

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ
16 நவம்பர் 2025

அன்புள்ள ராதாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். முதல் பனி விழுந்துவிட்டது. உன் கால் பெல்ட்டைக் குளிர் நாளில் கழற்றாதே.

மறுபடி தபால் வேலைநிறுத்தம். உன் கடிதம் வருஷாப்தீகம் முடிந்துதான் வந்தது. புத்தகம் போடவில்லை. மாக்கிரட்டையும் அந்த ஹைத்திப் பெண்ணையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டோம். கோயில் நண்பர்கள் யார் என்று கேட்டார்கள். சஹானாவோடு குக்கி மடித்தவர்கள் என்று சொன்னேன். உன் அத்திம்பேர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டேன், அதனால் கடிதத்தை அவர்தான் உரக்கப் படித்தார். வைவா என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். "படியுங்கோ" என்றேன். தீபாவளி வந்த இடத்தில் அவரால் முடியவில்லை. பிடுங்கி, வெளிச்சத்தில் தூரப் பிடித்து, நானே படித்தேன்.

அதை நீ எழுதியதற்கு உன்மேல் கோபமில்லை. அன்று முழுக்க அழுதேன். அவருடைய சட்டை நனைந்துபோயிற்று. இந்த ஒரு வருஷத்தில் என் பெண்ணுக்காக நான் அழுதது அன்றுதான்.

என்னிடம் பயந்தாள். சரி. இன்னும் என்ன சொன்னாளோ எல்லாம் எழுது. ஞாபகம் வரும்போது ஒவ்வொன்றாக எழுது, அவசரமில்லை.

உப்பு கூடினால் என்ன பண்ணச் சொன்னாய்? அதை எழுதாமல் விட்டுவிட்டாயே.

உன் அக்கா,
அலமு